அத்தியாயம் 6: தேய்ந்த சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாற்றுதல்

வேகத்தடை ஒன்றில் மெதுவாக ஏறி இறங்குகிறீர்கள். முன்சில்லுப் பக்கமிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் ‘டொக், டொக்’. நெடுஞ்சாலையில் ஏறியதும் சத்தம் மறைந்துவிடுகிறது. பின்சீற்றில் பிள்ளைகள், வானொலியில் பாட்டு, வேலைக்கு நேரமாகிறது. ‘ஓடுமட்டும் ஓடட்டும்’ என்று விட்டுவிடுகிறோம்.

என் பழைய கொரோலாவை நானும் அப்படித்தான் இரண்டு குளிர்காலம் ஓடவிட்டேன். மூன்றாவது ஏப்ரலில் குளிர்கால ரயரைக் கழற்றியபோதுதான் கண்டேன்: இடது முன்பக்கச் சுருள்வில்லின் கீழ்ச்சுற்று முறிந்து, அதன் கூர்முனை ரயரின் உட்சுவருக்கு இரண்டு விரலளவு தள்ளி நின்றது. முதல்நாள் மாலை அந்தக் காரில்தான் 410ஆம் நெடுஞ்சாலையால் பிறம்ரன் வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த இரண்டு விரலளவுதான் என்னை இந்த அத்தியாயத்தை எழுத வைக்கிறது.

சஸ்பென்ஷன் வேலைகளில் சிலவற்றை வீட்டிலேயே செய்யலாம். சிலவற்றை வீட்டில் தொடவே கூடாது. எது எது என்று பிரித்துக் காட்டி, செய்யக்கூடியதை உயிருக்கும் காருக்கும் சேதமில்லாமல் செய்துமுடிக்கும் முறையை இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு 2003 முதல் 2013 வரையான கொரோலாவை எடுத்துக்கொள்கிறேன். நம்மவர்களின் வீட்டு வாசல்களில் அதிகம் நிற்கும் கார்களில் அது ஒன்று. 1988ஆம் ஆண்டு முதல் பல தலைமுறைக் கொரோலாக்கள், 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் கேம்பிறிட்ஜ் நகரின் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. இதே சஸ்பென்ஷன் அமைப்பு வேறு பல சிறு கார்களிலும் உண்டு. நட்டுகளின் அளவும் இறுக்கமும் மட்டும் மாறும்.

உப்பும் பள்ளமும்

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பகலில் உருகும் பனி, தார் வெடிப்புகளுக்குள் இறங்கி, இரவில் உறைந்து தாரைத் தூக்குகிறது. மறுபடி உருகியதும் அடியில் வெற்றிடம். அதன்மேல் ஒரு பாரவண்டி ஏறினால் பள்ளம் தயார். பிறம்ரன் பாரவண்டிகளின் ஊர். சீ.என். ரயில் நிறுவனத்தின் பெரிய கொள்கலன் முனையம் இங்கேதான் இருக்கிறது. எயர்போர்ட் வீதியிலும் ஸ்டீல்ஸிலும் நாள் முழுதும் லொறிகள் ஓடுகின்றன. அந்தப் பள்ளங்களில்தான் நமது சில்லுகளும் இறங்குகின்றன.

பள்ளம் அடிப்பது ஒரு கணம். உப்போ ஆண்டில் ஐந்து மாதம் காருக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. உப்புநீர் இரும்பைச் சாதாரண நீரைவிட வேகமாக அரிக்கும். சுருள்வில்லின் மேல் பூச்சு ஒரு கல் பட்டு உரிந்தால் போதும். அந்த இடத்தில் கறள் பிடித்து, உட்குழிந்து, ஒருநாள் முறியும். கீழ்ச்சுற்று இருக்கும் தட்டில் உப்பும் மண்ணும் தேங்குவதால், முறிவு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: உப்பு ஒட்டிய காரைச் சூடேற்றிய கராச்சில் விட்டால் கறள் குறையாது, கூடும். உறைந்து கிடக்கும் உப்பு அங்கே உருகி, வெதுவெதுப்பான ஈரத்தில் வேகமாக வேலை செய்யும்.

எது என்ன செய்கிறது

ஊரில் சாதாரண மாட்டுவண்டிலிலும் வில்வண்டிலிலும் ஏறிப் போனவர்களுக்கு வில்லின் பெருமையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வில் மட்டும் இருந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி நூறு யார் தூரத்துக்குத் துள்ளிக்கொண்டே போகும். காரில் அந்தத் துள்ளலை அடக்குவதற்குத் தனியாக ஒரு பாகம் உண்டு.

சுருள்வில் காரின் பாரத்தைத் தாங்குகிறது. சொக் அப்சோபர் அந்த வில்லின் துள்ளலை அடக்குகிறது. அதற்குள் இருக்கும் முசலம் எண்ணெயைச் சிறு துளைகளினூடாகத் தள்ளும்போது, துள்ளலின் சக்தி வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. எண்ணெய் கசிந்தால் துள்ளல் அடங்காது. வில்லையும் சொக்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தூணாக்கியதே ஸ்ரட். 1940களில் ஜெனரல் மோட்டர்ஸில் ஒரு சிறு காருக்காக ஏர்ல் மக்ஃபேர்சன் என்ற பொறியியலாளர் இதை வடிவமைத்தார். பிறகு ஃபோர்ட் நிறுவனத்துக்குப் போனார். 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டின் பிரித்தானியக் கார்களான கொன்சலிலும் செஃபயரிலும் அது பரவலாக வந்தது. குறைந்த இடம், குறைந்த பாகங்கள் என்பதால் இன்று சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இதுதான் இருக்கிறது.

ஸ்ரட்டின் தலையில் ஒரு றப்பர் மவுண்டும் ஒரு பெயரிங்கும் உண்டு. ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது முழு ஸ்ரட்டும் அந்தப் பெயரிங்கில்தான் சுழலும். இடது, வலது சில்லுகளை இணைக்கும் வளைந்த இரும்புக் கம்பி ஸ்வே பார். வளைவுகளில் கார் ஒரு பக்கம் சரியாமல் பார்ப்பது அதன் வேலை. அதை ஸ்ரட்டோடு இணைப்பது ஒரு சாண் நீளமான லிங்க். கீழே கொன்ட்ரோல் ஆம்; அதன் ஒரு முனையில் றப்பர் புஷ், மறுமுனையில் போல் ஜொயின்ற். சில்லைத் திருப்பும் கம்பி ரை ரொட்.

காதாலும் கையாலும் கண்டுபிடித்தல்

சாமானை வாங்குவதற்கு முன் குற்றவாளி யாரென்று உறுதியாகத் தெரிய வேண்டும். சத்தம் ஒரு பாகத்தில், மாற்றியது வேறொரு பாகம் என்றால் பணமும் ஒரு சனிக்கிழமையும் வீண்.

மெதுவாகப் போகும்போது சிறு மேடுபள்ளங்களில் ‘டொக் டொக்’ என்று கேட்டால், முதலில் ஸ்வே பார் லிங்கைப் பாருங்கள். கையால் பிடித்து ஆட்டினால் தளர்வாக அசையும். மலிவான பாகம் இது. முதலில் தேய்வதும் இதுதான்.

நின்ற இடத்தில் ஸ்ரியறிங்கை முழுவதும் திருப்பும்போது வில் இழுபட்டு விடுவதுபோல் ‘டொயிங்’ என்று அதிர்ந்தால், ஸ்ரட் தலையின் மவுண்ட் அல்லது பெயரிங். ஒருவர் ஸ்ரியறிங்கைத் திருப்ப, மற்றவர் பொனற்றைத் திறந்து ஸ்ரட் தலையில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு கையில் தெரியும்.

பிறேக் பிடிக்கும்போது மூக்கு ஆழமாகக் குனிவது, பள்ளத்துக்குப் பிறகு இரண்டு மூன்று தரம் ஆடுவது, ரயரின் மேற்பரப்பில் அலை அலையாகத் தேய்வது ஆகியவை ஸ்ரட் ஓய்ந்ததன் அடையாளங்கள். காரின் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். பாதி ஓய்ந்த ஸ்ரட்டும் அதில் தேறிவிடும். ஸ்ரட்டின் உடம்பில் எண்ணெய் வடிந்து, அதில் தூசி கறுப்பாக ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சில்லைத் தூக்கி, மணிக்கூட்டின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் போல் ஜொயின்ற் அல்லது சில்லுப் பெயரிங். 3, 9 இடங்களில் பிடித்து ஆடினால் ரை ரொட். இவற்றில் எது ஆடினாலும் அந்தக் காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகாதீர்கள். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு காரைவிட்டு வெளியே சாய்ந்துவிடும்.

வீட்டில் எதைச் செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்

ஸ்வே பார் லிங்க் மாற்றுவது முதல் பாடம். முழுதாகப் பூட்டி வரும் ஸ்ரட்டை மாற்றுவது இரண்டாம் பாடம். இரண்டையும் சாதாரணக் கருவிகளோடு, பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் செய்யலாம்.

பழைய சுருள்வில்லைக் கழற்றிப் புதிய சொக்கில் மாட்டும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அமுங்கிய நிலையில் அந்த வில்லுக்குள் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடங்கியிருக்கிறது. கையால் திருகும் வில் அமுக்கி ஒன்று நழுவினால் அந்த விசை முகத்திலோ நெஞ்சிலோதான் இறங்கும். இதனால்தான் வில், சொக், மவுண்ட், பெயரிங் எல்லாம் ஒன்றாகப் பூட்டிய முழு ஸ்ரட்டை வாங்கச் சொல்கிறேன். கொஞ்சம் விலை கூட என்றாலும் அந்த வித்தியாசம் உங்கள் முகத்தின் காப்புறுதி.

அழுத்திப் பூட்டும் போல் ஜொயின்ற், புஷ்ஷின் உள்குழாயோடு கறள் பிடித்து ஒட்டிப்போன கொன்ட்ரோல் ஆம் போல்ற், ஸ்ரட் தலை பூட்டும் உடற்பகுதியிலேயே கறள் ஓட்டை ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் கருவியைக் கீழே வையுங்கள். மூன்றாவதைக் கண்டால் புதிய சாமானுக்குச் செலவழிக்கும் முன் கார் அந்தச் செலவுக்குத் தகுமா என்று ஒரு மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

சாமானும் கருவியும்

ஸ்ரட்டையும் லிங்கையும் எப்போதும் சோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். வாங்கும்போது காரின் ஆண்டு, இயந்திர அளவு, வாகன அடையாள எண் மூன்றையும் கொடுங்கள். இடது ஸ்ரட்டும் வலது ஸ்ரட்டும் வேறு வேறு. ஸ்ரட்டைப் பூட்டும் பெரிய போல்ற்றுகளும் நட்டுகளும் புதிதாகக் கிடைத்தால் அவற்றையும் சேர்த்து வாங்குங்கள்.

இரண்டு தொன் தாங்கும் தரையில் உருளும் ஜக் ஒன்று, ஜக் ஸ்ராண்ட் இரண்டு, சில்லுக்குக் கொடுக்க மரக்கட்டை நான்கு, அரை அங்குல சொக்கற் தொகுதி, நீளக் கைபிடி, ஹெக்ஸ் சாவிகள், கம்பித் தூரிகை, சுத்தியல், றப்பர்ச் சுத்தியல், இரும்பறுக்கும் வாள், ஊடுருவும் எண்ணெய், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. இவற்றோடு ரோர்க் ரென்ச் கட்டாயம் வேண்டும். சில உதிரிப்பாகக் கடைகள் முற்பணம் வாங்கிக்கொண்டு கருவிகளை இரவல் தருவதுண்டு. ஒருமுறை வேலைக்காக எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஜக் ஸ்ராண்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். யாரோ ஒருவரின் கராச் மூலையில் கறள் பிடித்துக் கிடந்ததை உங்கள் உயிருக்கு முட்டுக் கொடுக்க வைக்காதீர்கள்.

காரோடு வரும் அவசர ஜக், வழியில் ரயர் மாற்றுவதற்கு மட்டும். இந்த வேலைக்கு அது ஆகாது.

நாளும் இடமும்

மே, யூன் மாதங்களும் செப்ரெம்பர், ஒக்ரோபரும் நல்ல காலம். ஏப்ரலிலும் நவம்பரிலும் ரயர் மாற்றும்போது சில்லு எப்படியும் கழல்கிறது. அந்த நாட்களைப் பரிசோதனைக்கு வையுங்கள். வேலைக்கு முழுச் சனிக்கிழமை ஒன்றை ஒதுக்குங்கள். முதல் பக்கத்துக்கு மூன்று மணித்தியாலம் போகும், இரண்டாம் பக்கம் பாதி நேரத்தில் முடியும். ஞாயிற்றுக்கிழமையைக் கையிருப்பாக வைத்திருங்கள். திங்கள் காலை வேலைக்குப் போக அந்தக் கார்தான் உண்டு என்றால், ஞாயிறு மாலை இதைத் தொடங்கக் கூடாது.

நமது வீடுகளின் ட்ரைவே மழைநீர் ஓடுவதற்காக வீதியை நோக்கிச் சரிவாக இருக்கும். சரிவில் காரைத் தூக்காதீர்கள். கராச்சின் சீமெந்துத் தரை மட்டமாக இருந்தால் அதுவே சிறந்த இடம். தார்த் தரையில் செய்வதென்றால், கோடை வெயிலில் தார் இளகி ஜக் ஸ்ராண்டின் கால்கள் மெல்ல மெல்ல இறங்கும். ஒவ்வொரு ஸ்ராண்டுக்கும் அடியில் தடித்த ஒட்டுப்பலகைத் துண்டு வையுங்கள். கராச்சுக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. வீட்டு வாசலில் வாகனம் திருத்துவது பற்றிய மாநகர விதிகளை 311இல் கேட்டறியுங்கள். கூட்டுக்குடியிருப்பு என்றால் நிர்வாகத்திடமும் கேளுங்கள். உங்கள் சொந்தக் கார், ஒருநாள் வேலை, மாலைக்குள் துப்புரவு என்ற ஒழுங்கு இருந்தால் அயலவர்களுக்கும் மனக்குறை இராது.

முதல்நாள் மாலை

இந்த ஊரில் சஸ்பென்ஷன் வேலை என்பது முக்கால்வாசி கறளோடு நடக்கும் வேலை. புதிய காரில் பத்து நிமிடத்தில் கழலும் நட்டு, பத்துக் குளிர்காலம் கண்ட காரில் அரை நாள் எடுக்கும். ஆகவே வேலை முதல்நாளே தொடங்குகிறது.

சில்லைத் திருப்பி, லிங்கின் இரு நட்டுகள், ஸ்ரட்டை நக்கிளோடு, அதாவது சில்லைத் தாங்கும் இரும்புத் துண்டோடு, பூட்டும் இரண்டு பெரிய போல்ற்றுகள், பொனற்றுக்கு அடியில் ஸ்ரட் தலையிலுள்ள மூன்று நட்டுகள் ஆகியவற்றின் மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மண்ணை உதிர்த்துவிட்டு ஊடுருவும் எண்ணெய் அடியுங்கள். படுக்கப் போகுமுன் இன்னொரு தரம், காலையில் இன்னொரு தரம். பிறேக் தட்டிலும் றப்பரிலும் படாமல் அடிக்க வேண்டும். தீப்பிழம்பால் சூடாக்கி நட்டை இளக்கும் வழியை மெக்கானிக்கின் கராச்சில் பார்த்திருப்பீர்கள். பிறேக் குழாயும் றப்பரும் மின்கம்பியும் பக்கத்திலேயே இருப்பதால் வீட்டில் அது வேண்டாம்.

வேலை நாள்

1. மட்டமான தரையில் நிறுத்தி, கைபிறேக் போட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால்சுற்று இளக்குங்கள்.

2. காரின் கையேட்டில் காட்டிய இடத்தில் ஜக் அடித்து, முன்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்தில் ஸ்ராண்டில் இருத்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்வே பார் முறுகி நின்று லிங்க் கழலாது. இரு பக்கமும் சமமாகத் தொங்கினால் அது தளர்ந்து நிற்கும். இப்போது காரைத் தோளால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள்.

3. சில்லைக் கழற்றுங்கள். கறளால் ஒட்டியிருந்தால், நட்டுகளை இரண்டு சுற்று விட்டு வைத்துக்கொண்டு, றப்பர்ச் சுத்தியலால் ரயரின் பக்கத்தில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். கழற்றிய சில்லைக் காரின் அடியில் படுக்க வையுங்கள். ஸ்ராண்ட் தவறினாலும் கார் அதன்மேல் நிற்கும்.

4. கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறேக் குழாயையும் ஏ.பி.எஸ். கம்பியையும் ஸ்ரட்டிலிருந்து விடுவியுங்கள்.

5. லிங்கின் மேல் நட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுழலும். அதன் நுனியிலுள்ள குழியில் ஹெக்ஸ் சாவியைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். குழி கறளால் மழுங்கியிருந்தால் நேரத்தை வீணாக்காமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, இரும்பறுக்கும் வாளால் அரிந்துவிடுங்கள். எப்படியும் அது குப்பைக்குப் போகிற சாமான்தான்.

6. நக்கிளுக்கு அடியில் ஜக்கை முட்டுக் கொடுங்கள். ஸ்ரட்டும் நக்கிளும் தொடும் விளிம்பில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். பிறகு இரண்டு பெரிய நட்டுகளையும் கழற்றுங்கள். போல்ற்றைத் தட்டி வெளியேற்றும்போது நட்டை நுனியில் இரண்டு மரைக்கு விட்டுத் தட்டினால் மரை சிதையாது. ஸ்ரட் கழன்றதும் நக்கிள் வெளியே சாயப் பார்க்கும். அதைக் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். பாரம் பிறேக் குழாயில் தொங்கக் கூடாது. சில்லைச் சுழற்றும் அச்சின் உள்மூட்டும் இழுபட்டுக் கழலக் கூடாது.

7. இனி மேலே. சில ஆண்டு மொடல்களில் மழைத்துடைப்பானையும் அதன் கீழுள்ள பிளாஸ்ரிக் மூடியையும் கழற்ற வேண்டும். ஸ்ரட் தலையைச் சுற்றி மூன்று நட்டுகள். நடுவில் ஒரு பெரிய நட்டு. நடுநட்டைத் தொடாதீர்கள். அமுங்கிய வில்லைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒன்றுதான். சுற்றியுள்ளவற்றில் இரண்டைக் கழற்றி, மூன்றாவதைக் கழற்றும்போது ஒருவர் கீழே ஸ்ரட்டைத் தாங்கிப் பிடிக்கட்டும்.

8. பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி உயரம், துளைகள், பிறேக் குழாய் பூட்டும் காது எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் இங்கேயே நிறுத்திக் கடைக்குப் போங்கள். பூட்டிய சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

9. புதிய ஸ்ரட்டை மேலே ஏற்றி மூன்று நட்டுகளையும் கையால் மட்டும் திருகுங்கள். கீழே நக்கிளைப் பொருத்தி போல்ற்றுகளைப் போட்டு, கீறிய கோட்டின் இடத்துக்குக் கூடியவரை கொண்டுவந்து இறுக்குங்கள். பிறகு மேல் நட்டுகள், புதிய லிங்க், பிறேக் குழாய், ஏ.பி.எஸ். கம்பி. ஒவ்வொன்றையும் உங்கள் மொடலின் பழுதுபார்ப்புக் கையேட்டிலுள்ள அளவுக்கு ரோர்க் ரென்ச்சால் முறுக்குங்கள். ‘கைக்கணக்கு’ இங்கே செல்லாது. குறைந்தால் கழலும், கூடினால் மரை இழுபடும்.

10. சில்லு பூட்டுமுன், அது அமரும் ஹப்பின் முகத்திலுள்ள கறளைத் தூரிகையால் தேய்த்து எடுங்கள். சில்லு நட்டுகளின் மரையில் எண்ணெய் பூசாதீர்கள். பூசினால் ரென்ச் காட்டும் அளவு பொய்யாகும். தரையில் இறக்கியபின் எதிரெதிராக மாறி மாறி இறுக்குங்கள். கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், அதாவது 76 அடி-இறாத்தல். ஹொண்டா சிவிக்குக்கு 108 நியூட்டன் மீற்றர், 80 அடி-இறாத்தல். 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பின்னர் எப்போதாவது கொன்ட்ரோல் ஆம் மாற்ற நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதன் றப்பர் புஷ் போல்ற்றுகளைக் கடைசி இறுக்கம் இறுக்குவது, காரின் பாரம் சில்லில் இறங்கியபின்தான். சில்லு தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகிய நிலையிலேயே பிடிபட்டு, சீக்கிரம் கிழிந்துபோகும்.

ஓட்டிப் பார்த்தலும் அலைன்மென்றும்

முதலில் பிறேக் பெடலை இரண்டு தரம் மிதித்துப் பாருங்கள். ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, குழாயும் கம்பியும் எங்கும் உரசவில்லை என்று உறுதிப்படுத்துங்கள். பிறகு வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில் மெதுவாக ஓட்டி, பிறேக் பிடித்து, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். சத்தம் இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பி எல்லா நட்டுகளையும் இன்னொரு தரம் பாருங்கள்.

அடுத்த சில நாட்களுக்குள் அலைன்மென்ற் செய்யுங்கள். நக்கிள் போல்ற் ஒரு மில்லிமீற்றர் தள்ளிப் பூட்டினாலும் சில்லின் சாய்வு மாறும். கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றம் ஒரு கோடைக்குள் புதிய ரயரின் ஓரத்தைத் தின்றுவிடும். வீட்டில் செய்து மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு பகுதி இந்த வேலைக்குரியது. அதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பழைய ஸ்ரட்டை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். அதற்குள் எண்ணெயும் அழுத்த வாயுவும் உண்டு. அதைத் துளைக்கவும் வெட்டவும் கூடாது. பழைய இரும்பாக பீல் பிராந்தியத்தின் சமூக மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோகலாம்.

கராச்சில் கொடுக்கும்போது

பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் அதில் வெட்கமில்லை. ஆனால் கராச்சில் கொடுக்கும்போது ஒன்ராறியோச் சட்டம் உங்களுக்குத் தந்திருப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். இறுதித் தொகை அந்த மதிப்பீட்டைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தர அவர்கள் முன்வர வேண்டும்; வாங்கிப் பாருங்கள், தேய்ந்தது எது என்று நீங்களே அறிவீர்கள். புதிய பாகத்துக்கும் அதைப் பூட்டிய வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் உடைந்திருந்தால் இடத்தையும் பள்ளத்தையும் உடைந்த பாகத்தையும் படம் எடுங்கள். மாநகர வீதி என்றால் பத்து நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது மாநகரச் சட்டம். அந்த வீதி பிறம்ரன் மாநகரத்தினதா, பீல் பிராந்தியத்தினதா, 410ஐப் போல மாகாணத்தினதா என்று முதலில் பாருங்கள். தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் பத்து நாள் ஓடிவிடும்.

காரை விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. புதிய உரிமையாளரின் பெயரில் வீதிக்கு இறங்கப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் வேண்டும். அதற்கு 36 நாள்தான் ஆயுள். தளர்ந்த போல் ஜொயின்ற்றும் முறிந்த வில்லும் அந்தச் சோதனையில் தப்பாது.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்

யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. மண்ணெண்ணெயில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஓடின. கழற்றி, கழுவி, கடைந்து, மறுபடி பூட்டி அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்த கைகளின் பிள்ளைகள்தான் நாங்கள். அந்தக் கைத்திறனோடு இங்கே சேர்க்க வேண்டியவை மூன்று: சரியான முட்டு, சரியான முறுக்கு, சரியான இடத்தில் நிறுத்தும் மனம்.

குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாட்களில் காரின் அடிப்பகுதியைக் கழுவுங்கள். ஒக்ரோபரில் அடியில் எண்ணெய்ப் பூச்சு அடிப்பது, அடுத்த முறை உங்கள் கையிலுள்ள ரென்ச்சுக்குச் செய்யும் உதவி. ஏப்ரலிலும் நவம்பரிலும் ரயர் மாற்றும் நாளில் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கி, ஒரு விளக்கை எடுத்து, இரண்டு முன்வில்களின் கீழ்ச்சுற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். சில்லுகளை 12-6இலும் 3-9இலும் ஆட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர்களுக்கும் ஒருநாள் கார் வரும்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் சொல்லித் தர வேண்டியது இது ஒன்றுதான்: ஜக் காரைத் தூக்குவதற்கு, ஸ்ராண்ட் காரைத் தாங்குவதற்கு. ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில், விழுந்த நட்டை எடுக்கக்கூட, கை நீட்டக் கூடாது.